மாரீஸ்வரியின் செலாவணி விகிதம்

செலாவணி விகிதத்தை நிர்ணயித்த குற்றத்துக்காக நோட்டீஸ் வந்தபோது மாரீஸ்வரி வடை போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. அதனால் கொண்டுவந்த முத்துக்கண்ணனையே படிக்கச் சொன்னாள். அவர் வங்கியில் கடைநிலை ஊழியர். இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் இருவருக்கும் விளங்கவில்லை.

“வேற யாருக்கோ வந்ததைக் கொண்டாந்துட்டீகளாண்ணே?”

“ஒம் பேருதான் தங்கச்சி போட்டிருக்கு. ‘மாரீஸ்வரி, டீக்கடை, நமது சுற்றுச்சுவர்’னு.”

காரைக்குடி செக்காலை ரோட்டில் தென்வைகை வங்கியின் மண்டல அலுவலகத்துச் சுற்றுச்சுவரை ஒட்டி ஒன்பது வருடமாக இருக்கிறது அவளுடைய கடை. இடம் வங்கியுடையது. மாத வாடகை, வருடத்துக்கொரு முறை மார்ச் முப்பத்தொன்றாம் தேதி ஒப்பந்தம் புதுப்பிப்பு. டீ பன்னிரண்டு ரூபாய். ஒன்பது வருடத்தில் அவளுக்கும் வங்கிக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. சென்ற நவம்பரில் மின்காசு வந்தது. அதோடு அந்த நல்லுறவு முடிந்தது.

மின்காசு என்பது தென்வைகை வங்கி தானே வெளியிட்ட பணம். கையில் பிடிக்க முடியாது, செல்போனுக்குள் இருக்கும். ஒரு மின்காசு ஒரு ரூபாய்க்குச் சமம் என்று வங்கி அறிவித்தது. முன்னோட்டமாக மொத்தம் ஒரு லட்சம் மின்காசை உண்டாக்கி, மண்டல அலுவலகத்தில் வேலை பார்த்த நாற்பது பேருக்கும் தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் ஊக்கத்தொகையாகக் கொடுத்தார்கள். நாற்பது பேரும் அன்று சாயங்காலமே காரைக்குடிக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஜவுளிக்கடை வேண்டாமென்றது. மருந்துக்கடை சிரித்தது. வாசலில் இருந்த மாரீஸ்வரியால் மட்டும் மறுக்க முடியவில்லை. இடம் அவர்களுடையது.

முதல் மாதத்தில் அவள் போனில் ஒன்பதாயிரம் மின்காசு சேர்ந்தது. கோட்டையூரிலிருந்து பால் கொண்டுவரும் சேவுகப்பெருமாளிடம் போனை நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை நான் எங்குட்டு கொண்டு போய்க் குடுக்கட்டும் தாயி? புண்ணாக்குக் கடையில வாங்குவாகளா?”

“வாங்க மாட்டாக.”

“மாடு வாங்குமா?”

வங்கியில் மின்காசை ரூபாயாக மாற்ற ஒரு கவுன்ட்டர் இருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும், பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. ஒரு தடவைக்கு ஐந்நூறுதான். விண்ணப்பம், ஆதார் நகல், புகைப்படம் இரண்டு, ‘எனக்கு மின்காசின் மேல் எந்த வருத்தமும் இல்லை’ என்ற உறுதிமொழி. மாரீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நின்றாள். ஒரு செவ்வாய் சர்வர் வேலை செய்யவில்லை. மறு செவ்வாய் கையெழுத்துப் போடுகிறவர் தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் செவ்வாய் ஐந்நூறு ரூபாய் கிடைத்தது. அந்த மூன்று நாளில் விற்காமல் போன டீயைக் கணக்குப் பார்த்தால் அதைவிடக் கூடுதல்.

மறுநாள் சிலேட்டில் சாக்பீஸால் எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டாள். ‘டீ ரூ.12. போன் காசுக்கு 14.’ அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

மண்டல மேலாளர் நாச்சியப்பனின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தச் சிலேட்டு நேராகத் தெரியும். அவர் கால்குலேட்டரை எடுத்துப் பன்னிரண்டைப் பதினான்கால் வகுத்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தலைமையகத்துக்குப் போன் செய்தார். நோட்டீஸில் இப்படி இருந்தது: ‘ஒரு மின்காசின் மதிப்பு 85.71 பைசா என்று தாங்கள் தன்னிச்சையாக அறிவித்திருப்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது. செலாவணி விகிதம் நிர்ணயிக்கும் அதிகாரம் டீக்கடைகளுக்கு வழங்கப்படவில்லை. பதினைந்து நாட்களுக்குள் நேரில் விளக்கம் அளிக்கவும். தவறினால் இட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.’

கடைசி வரி மட்டும் மாரீஸ்வரிக்கு விளங்கியது. அன்று வடை கருகிவிட்டது.

விசாரணை ஜனவரி முதல் வாரத்தில் மாடியில், குளிரூட்டிய அறையில் நடந்தது. நாச்சியப்பன் நடுவில். பக்கத்தில் மதிப்புச் சமநிலை அலுவலர் சினேகா. சென்னையிலிருந்து இந்தப் பதவிக்கென்றே அனுப்பப்பட்ட, எதையும் குறித்துக்கொள்கிற இளம்பெண். இன்னும் நான்கு அதிகாரிகள். ஆறு பேரும் மாரீஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்தான். யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு ஸ்ட்ராங் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அன்று ஒருவரும் அவளைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை.

நாச்சியப்பன் எழுந்து நின்று பேசினார். ஒரே ஆளுக்காக மைக் போட்டிருந்தார்கள்.

“அம்மா, பணம் என்றால் என்ன? நம்பிக்கை. காகிதத்துக்கு ஏது மதிப்பு? நம்புகிறோம், அதனால் மதிப்பு. மின்காசு அதைவிட உயர்ந்தது. ஏனென்றால் காகிதத்தையாவது கண்ணால் பார்த்து நம்புகிறோம். மின்காசைப் பார்க்காமலே நம்ப வேண்டும். ஆகவே அதற்குக் கூடுதல் நம்பிக்கை தேவைப்படுகிறது. கூடுதல் நம்பிக்கை என்றால் கூடுதல் மதிப்பு. இதைத் தலைமையகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது.”

“சரிங்க சார். அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் குடுத்துட்டீகன்னா நானும் பன்னெண்டுக்கே தாரேன்.”

“தாராளமாக மாற்றித் தருவோம். ஆனால் நீங்கள் ஏன் மாற்றக் கேட்கிறீர்கள்?”

“பால்காரருக்குக் குடுக்கணும்.”

“அதாவது உங்களுக்கு மின்காசின் மேல் நம்பிக்கை இல்லை. நம்பாதவர்களுக்கு மாற்றிக் கொடுத்தால் நம்பிக்கை குறையும். நம்புகிறவர்கள் மாற்றக் கேட்பதே இல்லை. ஆகவே மாற்றித் தரும் வசதி எப்போதும் திறந்தே இருக்கிறது, யாரும் வராதவரைக்கும்.”

சினேகா இதைக் குறித்துக்கொண்டு அடிக்கோடிட்டாள்.

அடுத்து நேர்முக ஆய்வு நடந்தது. சினேகாவின் யோசனை அது. மாரீஸ்வரி கடையிலிருந்தே பத்து டீ வரவழைத்தார்கள். ஐந்து டீக்கு நோட்டுக் கொடுத்தார்கள், ஐந்து டீக்கு மின்காசு. நோட்டு டீ கிளாஸ்களில் ‘அ’, மின்காசு டீ கிளாஸ்களில் ‘ஆ’ என்று ஒட்டி, சினேகா நீங்கலாக ஐந்து அதிகாரிகள் முன்னால் வைத்தார்கள். இரண்டும் ஒரே சுவையாக இருந்தால் இரண்டு பணமும் ஒரே மதிப்பு என்பது நிரூபணம். ஐவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு ‘அ’, ஒரு மடக்கு ‘ஆ’ என்று மாற்றி மாற்றிக் குடித்தார்கள். நான்கு பேர் வித்தியாசமே இல்லை என்று கையெழுத்திட்டார்கள். ஐந்தாமவர், கடன் பிரிவு ஏகப்பன், முடிவுக்கு வர இன்னொரு டீ தேவைப்படுவதாகச் சொன்னார். அதை எந்தப் பணத்தில் வாங்குவது என்று இருபது நிமிடம் விவாதம் நடந்தது.

“சர்க்கரை ரெண்டுலயும் நான்தான் சார் போட்டேன்,” என்றாள் மாரீஸ்வரி.

“தொழில்நுட்ப விஷயங்களில் தலையிட வேண்டாம்,” என்றார் நாச்சியப்பன்.

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. எந்தப் பணமானாலும் டீ பதிமூன்று ரூபாய். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவில் இருப்பதால் இது இரு தரப்புக்கும் நியாயம். மாரீஸ்வரி சிலேட்டை அழித்துவிட்டு, பதிமூன்று என்று எழுதினாள்.

நோட்டுக் கொடுத்து டீ குடிக்கிறவர்கள் ஆட்டோக்காரர்களும், வங்கிக்கு வந்துபோகிறவர்களும்தான். ஒரு ரூபாய் ஏறியதும் அவர்கள் நாலு கடை தள்ளியிருந்த இன்னொரு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். வங்கி ஊழியர்களுக்கோ பதினான்கு பதிமூன்றாகிவிட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தவர்கள் இப்போது வடையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் அந்த மின்காசு தங்கள் போனில் கிடப்பது பிடிக்கவில்லை. பிப்ரவரி பாதியில் கடைக்கு நோட்டு வருவதே நின்றது.

சேவுகப்பெருமாளுக்கு நோட்டு வேண்டும். மாரீஸ்வரியின் புருஷன் சின்னச்சாமி கொத்தனார். அவனுடைய கூலி தினமும் பாலாக மாறி, டீயாக மாறி, அதிகாரிகள் வயிற்றுக்குள் போய், மின்காசாகத் திரும்பி வந்தது.

“நான் கட்டுன செவுரு பூராவும் ஒன் போனுக்குள்ள நிக்குது போல,” என்றான் சின்னச்சாமி. கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவள் மேலே போய், கடையை மூடிக்கொள்கிறேன் என்று சினேகாவிடம் சொன்னாள்.

சினேகா பதறிப்போனாள். “இப்ப மூடக் கூடாதுங்க. உங்க கடையில மின்காசுப் பரிவர்த்தனை எவ்வளவு சதவீதம் தெரியுமா? நூறு. இந்த வங்கியோட ஆறு மண்டலத்துல வேற எங்கேயும் நூறு கிடையாது. உங்களுக்கு விருது குடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“நூறு வந்ததுக்குக் காரணம், வேற யாரும் கடைக்கு வாரதில்லம்மா.”

“காரணம் படிவத்துல கேட்கல. சதவீதம் மட்டும்தான்.”

விருது விழா சிவகங்கையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாரீஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, ‘காகிதத்தை வென்ற வீராங்கனை’ என்று அறிவித்தார்கள். நாச்சியப்பன் பேசும்போது, “இந்தச் சகோதரி ஒரு மாதமாகத் தன் கடையில் ஒரு ரூபாய் நோட்டைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை,” என்றார். பலத்த கைதட்டல். உண்மைதான் என்பதால் மாரீஸ்வரியும் தட்டினாள்.

பயணப்படி நூற்றிருபது மின்காசு அவள் போனில் ஏறியது. அதை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றவளிடம், விழா வேலைக்கு வந்திருந்த முத்துக்கண்ணன் நூறு ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார்.

“அண்ணே, இதுக்கு மின்காசு அனுப்பட்டா?”

“எனக்கு எதுக்குத் தங்கச்சி அந்தப் பாவம்? இருக்கும்போது குடு.”

மார்ச் மாதம் இருபத்தொன்பதாம் தேதி தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மின்காசின் மதிப்பை அறியச் சிறந்த வழி, அதைப் பெற்றவர்கள் அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே. ஆகவே மார்ச் முப்பத்தொன்று மாலை நான்கு மணிக்கு நாற்பது பேருடைய போன் கணக்கும் சரிபார்க்கப்படும். இரண்டாயிரத்து ஐந்நூறும் அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால், சொந்த வங்கியின் பணத்தை நம்பாதவர் என்று பதவி உயர்வுக் கோப்பில் குறிக்கப்படும். புதிய மின்காசு உண்டாக்க இயக்குநர் குழு கூட வேண்டும். அது மே மாதம்தான் கூடும்.

உண்டாக்கிய ஒரு லட்சத்தில் எண்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் மாரீஸ்வரியின் போனில் இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவள் கடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். முதலில் முத்துக்கண்ணன் வந்து விஷயத்தைச் சொன்னார். அவருக்கு ஒன்றுக்கு ஒன்று என்றே அனுப்பினாள். சிவகங்கையில் வாங்கிய நூறு ரூபாயையும் அதில் கழித்துக்கொண்டாள்.

அரைமணி நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சினேகா, அவளுக்குப் பின்னால் ஏகப்பன், அவருக்குப் பின்னால் மூன்று குமாஸ்தாக்கள். மாரீஸ்வரி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு வேணும்,” என்றாள் சினேகா. கையில் நோட்டுகள் இருந்தன. இத்தனை மாதத்தில் அவள் கையில் மாரீஸ்வரி நோட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நான் மூவாயிரம் தாரேன், எனக்கு முதல்ல அனுப்பும்மா,” என்றார் ஏகப்பன் பின்னாலிருந்து.

“நான் மூவாயிரத்து நூறு,” என்றார் அவருக்கும் பின்னால் நின்றவர்.

மாரீஸ்வரி ஒரு விலையும் சொல்லவில்லை. அவர்களே கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு மணிக்கு ஒரு மின்காசு ஒன்றே கால் ரூபாய். பன்னிரண்டு மணிக்கு வங்கியின் சொந்த ஏ.டி.எம்மில் நோட்டுத் தீர்ந்தது. அதிகாரிகள் வேறு வங்கி ஏ.டி.எம்களுக்கு ஆட்டோ பிடித்துப் போனார்கள். ஆட்டோக்காரர்கள் வெகுநாள் கழித்து மாரீஸ்வரி கடைப்பக்கம் வந்து, என்ன கூட்டம் என்று விசாரித்தார்கள்.

“போன் காசு யாவாரம்,” என்றாள்.

மூன்றரை மணிக்கு நாச்சியப்பன் இறங்கி வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை எண்ணி நீட்டினார்.

“நீங்கள் வாங்குவது சட்டவிரோதம் அம்மா. ஒன்றுக்கு ஒன்றுதான். நானே நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன்.”

“நான் எதுவும் கேட்கலையே சார். அவுகளாத்தான் தாராக. அந்தா, வரிசையில இன்னும் ஆறு பேரு நிக்கிறாக.”

“நான் மண்டல மேலாளர்.”

“தெரியும் சார்.”

“இன்னொரு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருக்கும்.”

“அனுப்புங்க சார். நாளைக்குக் காலையில வந்துரும்ல?”

நாச்சியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று முப்பத்தெட்டு. வரிசையில் கடைசி ஆள் தன் பர்ஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனில் மீதி இருந்தது மூவாயிரம் மின்காசுக்கும் கொஞ்சம் கீழே.

“என்ன ரேட்டு போகுது?” என்று நாச்சியப்பன் தாழ்ந்த குரலில் கேட்டார். அலுவலகத் தமிழ் அவரை விட்டுப் போயிருந்தது.

“கடைசியா ஒண்ணு நாப்பது.”

“ஒண்ணரை தாரேன். எனக்கு அனுப்பிருங்க. சத்தமா சொல்லாதீக.”

மூவாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அவள் ஒவ்வொரு நோட்டாக விரலில் எச்சில் தொட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும் வரை மண்டல மேலாளர் வெயிலில் நின்றார். அவள் அவசரப்படவில்லை. அப்படி நிற்க வைத்ததில் தனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

நான்கு மணிச் சோதனையில் முப்பத்துநான்கு பேர் தேறினார்கள். நாச்சியப்பன் அன்றே அறிக்கை அனுப்பினார். ‘டிசம்பரில் 85.71 பைசாவாக இருந்த மின்காசு, மார்ச் இறுதியில் வெளிச்சந்தையில் 150 பைசாவைத் தொட்டது. மின்காசு ரூபாயை முந்திவிட்டது. இது எமது மண்டலத்தின் அயராத விழிப்புணர்வுப் பணியின் விளைவு.’ அவர் பதவி உயர்வு பெற்றார். இலக்கைத் தாண்டிவிட்டதால் திட்டம் வெற்றி என்று அறிவித்து ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள். போன்களில் இருந்த மின்காசு நினைவுச் சின்னமாக அங்கேயே இருக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. சினேகா தன் இரண்டாயிரத்து ஐந்நூறைப் பற்றித் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் நம்பிக்கையைப் பற்றிய பதில் வந்தது.

மாரீஸ்வரி கோட்டையூரில் பஸ் நிற்குமிடத்துக்குப் பக்கத்தில் அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடித்தாள். சுவர்களைச் சின்னச்சாமி பூசினான். சேவுகப்பெருமாளுக்கும் மூன்று மைல் மிச்சம்.

ஜூன் மாதம் ஒருநாள் வெயில் சாய்ந்த நேரம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நாச்சியப்பன் இறங்கினார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. டீ சொன்னார். அவள் சர்க்கரை குறைத்துப் போட்டுக் கொடுத்தாள்.

“அடுத்த வாரம் சென்னையில பேசப் போறேன்,” என்றார். “பெரிய மாநாடு. நாலு மாநிலத்துல இருந்து வாராக. தலைப்பு, ‘காகிதப் பணம் செத்துவிட்டது’.”

“நல்லாப் பேசுங்க சார்.”

அவர் டீயை முழுசாகக் குடித்து, கிளாஸை வைத்துவிட்டு, இருபது ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினார். டீ இங்கே பழையபடி பன்னிரண்டுதான். மீதி எட்டு ரூபாய்க்கு அவள் கல்லாவில் தேடினாள். சில்லறை குறைவாக இருந்தது. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு ரூபாய் இரண்டு கிடைத்தது.

“ஒரு ரூவா இல்ல சார். அடுத்த தடவை வரும்போது தாரேன்.”

நாச்சியப்பன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இருக்கட்டும். இன்னொரு ஆளு டீ குடிக்க வருவாகள்ல,” என்றார். “வாங்கிட்டே போறேன்.”